ஊர்ப் பள்ளிக்குப் பத்துக் கணினி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், தோஹாவில் வேலை. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். உள்ளூரில் உரக்கடை வைத்திருப்பவர், சென்னையில் ஐடியில் இருப்பவர், சிங்கப்பூர், கனடா என்று போனவர்கள் எல்லோரும் உண்டு. பொங்கலுக்கு ஊரில் கூடியபோது பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. இப்போது மூன்று லட்ச ரூபாய் சேர்ந்துவிட்டது.

பள்ளியில் 42 பிள்ளைகள். தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பத்து கம்ப்யூட்டர் வாங்கி ஓர் அறையை லேப் ஆக்கிவிடலாம், மிஞ்சினால் ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்பது எங்கள் திட்டம். திருச்சியில் ஒரு கடையில் விலையும் கேட்டாயிற்று. பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் எல்கேஜியிலிருந்தே கம்ப்யூட்டர் இருக்கிறது. தினமும் காலையில் வேன் வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. தலைமையாசிரியரிடம் சொன்னோம். “தாராளமா குடுங்க” என்றார். ஆனால் முகத்தில் உற்சாகம் இல்லை. “டீச்சருக்கு ட்ரெய்னிங் இல்லாம கம்ப்யூட்டர் எதுக்கு?” என்று குழுவில் ஒரே ஒரு நண்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பயிற்சி அரசாங்கத்தின் வேலை, நாம் பொருளைக் கொடுப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரே ஒரு நண்பர் பக்கம்தான் நான். கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கருவிக்குப் போகக் கூடாது என்கிறேன். மீதி இரண்டு லட்சம், அந்தக் கருவியோடு பிள்ளைகள் பக்கத்தில் உட்காரப்போகிற மனிதர்களுக்கும், மூன்று வருடப் பராமரிப்புக்கும் இருக்க வேண்டும்.

முதலில் தலைமையாசிரியரின் முகம். அவரைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். பத்து கணினிகள் பள்ளிக்குள் வந்த அன்றே அவை இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஒன்று தொலைந்தாலும் உடைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரவுக் காவலர் கிடையாது. கதவு பழைய கதவு. மாறுதலாகிப் போகும்போது பதிவேட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த நிலையில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்வார்? பூட்டி வைப்பார். உறை போட்ட கணினியும், பிளாஸ்டிக் பிரிக்காத விசைப்பலகையும், போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுமாக இருக்கும் அறைகளைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் ஆசிரியரின் சோம்பல்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைத்துவிட்டு, உதவியை நாம் அனுப்பவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. குஜராத்தில் வதோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டில் மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினிகள் கொடுத்தது. சுமார் நூறு பள்ளிகள். 2002இல் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான பள்ளிகளில் அவை பெட்டியிலேயே இருந்தன. இயக்கத் தெரிந்தவர் இல்லை. அங்கங்கே ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் குழுவில் எல்லோரும் கவனிக்க வேண்டும். பிரதம் புதிதாகக் கணினி வாங்கிக் குவிக்கவில்லை. அந்தந்தப் பகுதி இளைஞர்களைச் சேர்த்து, சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணினிக்கு இரண்டு பேராக, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் விளையாடினார்கள். இரண்டு வருடம் நடந்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் அளந்து 2007இல் வெளியிட்டார்கள். கணக்கில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. மொழிப் பாடத்தில் இல்லை. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது கணக்கில் கிடைத்ததும் பெரும்பகுதி கரைந்திருந்தது. கூடவே அவர்கள் இன்னொன்றையும் அளந்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்கிற உள்ளூர்ப் பெண்கள், ‘பாலசகி’கள். கணினித் திட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர் செலவானது. பாலசகிக்கு இரண்டேகால் டாலர். பாலசகியிடம் படித்த பிள்ளைகளும் முன்னேறினார்கள்.

பெரு நாட்டில் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆசிரியர் பயிற்சி என்றதும் நம் கண்ணில் வருவது வட்டார வள மையத்தின் கூடம். ஐம்பது அறுபது ஆசிரியர்கள் நாற்காலியில் இருப்பார்கள். முன்னால் ஒரு புரொஜெக்டர். ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் மவுஸைப் பிடித்திருப்பார், மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். மாலையில் வருகைப் பதிவு, தேநீர், பேருந்து. அந்தப் பயிற்றுநர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மவுஸைத் தொடாமல் திரும்பிய ஆசிரியை மறுநாள் தன் வகுப்பில் தைரியமாக அதைத் தொடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயிற்சி அவருடைய பள்ளியில், அவருடைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாரா வாரம் நடக்க வேண்டும்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஈராசிரியர் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மடிக்கணினியில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். 35 என்று அடித்தாள். திரை சிவப்பாகிவிட்டது. அடுத்த கணக்கு, அதிலும் சிவப்பு. மூன்றாவதும் தப்பாகப் போனபோது பின்னால் நின்ற ஆசிரியை குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், பிள்ளை திருப்பிப் போட்டு ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கிறாள். கணினியை அப்படியே விட்டுவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்த குச்சிகளை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு கட்டை அவளையே அவிழ்க்கச் சொன்னார். பத்துக் குச்சிகள் ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்ந்து பன்னிரண்டு ஆயின. “இப்ப ஏழு குடு பாப்போம்.” கொடுத்தாள். மறுபடி திரைக்குப் போய் அடுத்த கணக்கைச் சரியாகப் போட்டாள். தப்பு என்று கணினி சொன்னது. ஏன் தப்பு என்று கண்டுபிடித்தவர் ஆசிரியை. அதே ஆசிரியை வேறு வகுப்பைப் பார்க்கப் போயிருந்தால் அந்தப் பிள்ளை அரை மணி நேரம் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். உங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பள்ளி விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றுவதும் அவர்கள் வேலைதான்.

பயிற்சி அரசின் கடமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான பணம் பெரும்பாலும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் வருகிறது, 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. பிஎம் ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. விவகாரம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகளின் பணத்தை ஒரு கையெழுத்துக்காக நிறுத்துவது எனக்குக் கோபம் தருகிறது. ஆனால் அதற்காக இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. அரசிடம் கேட்டுக்கொண்டே நம்மால் ஆனதையும் செய்வோம்.

அரசு மனது வைத்தால் எப்படிச் செய்யலாம் என்பதைக் கேரளத்தில் பார்க்கலாம். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். பள்ளி ஆசிரியர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து முதன்மைப் பயிற்றுநர்களாக ஆக்கி, அவர்கள் மூலம் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பிடித்துக்கொண்டதால் உரிமத் தொகை மிச்சமானது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கான ஹைடெக் ஆய்வகங்கள் 2019இல்தான் வந்தன. 9,941 பள்ளிகள், 292 கோடி ரூபாய். கருவிகளை ஐந்து வருட உத்தரவாதத்தோடு வாங்கினார்கள். ஏறக்குறைய பதினெட்டு வருடம் ஆசிரியர்களைத் தயார் செய்த பிறகு சிறு பிள்ளைகளின் பள்ளிக்கு இவ்வளவு பெரிய அளவில் இயந்திரங்கள் போயிருக்கின்றன. இந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இனி உங்கள் மூன்று லட்சம். மேசைக் கணினி வேண்டாம், மூன்று மடிக்கணினி போதும். கிராமத்து மின்சாரத்தில் யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும், அதை மாற்ற யாரிடமும் பணம் இருக்காது. மடிக்கணினியில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, மாலையில் பீரோவில் வைத்துப் பூட்டலாம், தலைமையாசிரியருக்கும் நிம்மதி. ஜிகாம்ப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் போதுமானவை. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடியும். எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் ஓர் எலெக்ட்ரீஷியனை அனுப்பிப் பாருங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயோ பக்கத்திலேயோ பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண் நிச்சயம் இருப்பார். வாரம் இரண்டு பிற்பகல் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். மாதம் நாலாயிரம் கொடுத்தால் பத்து மாதத்துக்கு நாற்பதாயிரம், மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அவர் பாடம் நடத்த வேண்டாம். இரண்டு ஆசிரியர்களும் வகுப்பு நடத்தும்போது பக்கத்தில் இருந்து, சிக்கினால் எடுத்துவிட்டு, பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் போதும். இரண்டு ஆசிரியர்களுக்கும் என்பதை வலியுறுத்திச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அடுத்த மாறுதல் கலந்தாய்வில் எல்லாமே அவரோடு போய்விடும். மிச்சமிருக்கும் எண்பதாயிரத்தைப் பழுதுக்கும், ஆசிரியர்கள் நன்றாக நடக்கிற வேறு பள்ளிகளைப் போய்ப் பார்த்து வருகிற செலவுக்கும் வையுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் வருடா வருடம் கொடுங்கள்.

ஸ்மார்ட் போர்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தை 2024இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உங்கள் பள்ளிக்கு வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள்.

எதைச் செய்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்யுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் உரக்கடை நண்பர் போகட்டும். தலைமையாசிரியரிடம் “என்ன வேண்டும்?” என்று மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை பத்து கணினி என்ற பேச்சை எடுக்காமல், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் கனடா நண்பரின் பங்கு. அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், உங்களைப் போலவே, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான அனுமதி இல்லாத பள்ளிக் கணக்கில் அதைப் போடக் கூடாது. அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகக் கொடுக்க வழி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அவருக்குச் சொல்லுங்கள். அதுவரை அவர் பங்கைத் தனியாக வைத்திருங்கள்.

அன்புடன்