ஆளுக்குத் திறந்த எல்லை, சரக்குக்கு அல்ல: இந்திய–நேபாள உறவு குறித்துக் கேள்வி பதில்

பசுபதிநாதர் தரிசனத்துக்குக் கிளம்பவிருக்கும் தில்லித் தமிழ் அன்பர்கள் சிலர் பயண விவரம் கேட்கத் தொடங்கி, ஒப்பந்தம், மின்சாரம், வரைபடம் என்று பேச்சை வளர்த்துவிட்டார்கள். கொல்கத்தாத் துறைமுகம் வழியே நேபாளத்துக்குச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பும் க்ளியரிங் தொழிலில் கால் நூற்றாண்டைக் கழித்தவன் என்ற முறையில் அவர்களுக்கு விடை எழுதுகிறேன்.

மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, நேபாளத்துக்குக் கடவுச்சீட்டே வேண்டாம் என்கிறார்களே, அது எப்படி?

விசா எவ்வழியிலும் தேவையில்லை, அம்மா. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையையோ கையில் வைத்துக்கொண்டால் போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். இந்த வழக்கத்துக்குச் சட்ட உருவம் தந்தது 1950 ஜூலை 31 அன்று காத்மாண்டுவில் கையெழுத்தான அமைதி, நட்புறவு ஒப்பந்தம். ஒரு நாட்டவர் மறுநாட்டில் குடியிருக்கவும், சொத்து வாங்கவும், தொழில் நடத்தவும், விருப்பம்போல் நடமாடவும் உரிமை உண்டு என்று அதன் ஏழாவது பிரிவு கூறுகிறது.

கரோல் பாக்கிலிருந்து: இவ்வளவு தாராளமான ஒப்பந்தத்தின் மீது நேபாள அரசியல்வாதிகளுக்கு ஏன் கோபம்?

முதல் குறை மரியாதையைப் பற்றியது. நேபாளத்தின் சார்பில் பிரதமர் மோகன் ஷம்ஷேர் ராணா கையெழுத்திட, இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அங்கிருந்த நம் தூதர். அடுத்த ஆண்டே ராணாக்களின் பரம்பரை ஆட்சி கவிழ்ந்துவிட்டதால், சரியப்போகிற ஓர் ஆட்சி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்ற பழியும் சேர்ந்துகொண்டது. உடன் பரிமாறப்பட்ட கடிதங்களைப் பல ஆண்டுகள் வெளியே காட்டாமல் வைத்திருந்தது சந்தேகத்தை வளர்த்தது.

ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து விலகிக்கொள்ள இரு தரப்புக்கும் ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. மேடைதோறும் இதைக் கண்டித்த காத்மாண்டுத் தலைவர்களில் ஒருவரும் அந்த அறிவிப்பை அனுப்பியதில்லை. இந்தியாவில் பிழைக்கும் இலட்சக்கணக்கான நேபாளிகளின் நிலை என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்ய இரு நாட்டு அறிஞர்கள் கொண்ட குழு 2016இல் அமைந்து, 2018இல் அறிக்கையை முடித்தது. அதைப் பெற்றுக்கொள்ளும் சடங்கே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது நம் தரப்பின் பிழை என்றே நான் கருதுகிறேன்.

காரி பாவ்லியில் மசாலா மொத்த வணிகம் செய்பவர்: நேபாளத்துப் பெரிய ஏலக்காய் சுங்கவரி இல்லாமல்தானே வருகிறது, பிறகு ஏன் லாரி எல்லையில் நாள்கணக்கில் நிற்கிறது?

வரி இல்லை என்பது ஒன்று, தடை இல்லை என்பது வேறு. வணிக உடன்படிக்கையின்படி நேபாளப் பொருள் என்ற சான்றிதழ் இருந்தால் வரி விலக்குக் கிடைக்கும். ஆனால் தேயிலை, இஞ்சி, ஏலக்காய் போன்றவை உணவுத் தர ஆய்வுக்கும் தாவர நோய்த்தடுப்புச் சோதனைக்கும் உட்பட்டே தீர வேண்டும். எல்லையிலேயே ஆய்வுக்கூட வசதி இல்லாதபோது மாதிரிப் பொட்டலம் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போய், முடிவு வந்த பிறகே வண்டி நகரும்.

மேற்கு வங்கத்தின் பானிடங்கியில் ஒருமுறை இதை நேரில் பார்த்தேன். இரு நாட்டு எல்லையான மேச்சி ஆற்றுப் பாலத்தின் வழியே கைக்குழந்தையோடு பெண்களும், மிதிவண்டியில் அரிசி மூட்டை கட்டியவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் எந்தக் காகிதமும் நீட்டாமல் இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டிய ஓரத்தில் நேபாளத்தின் இலாம் மாவட்டத்துத் தேயிலை ஏற்றிய லாரி நின்றது. ஓட்டுநர் பின்சக்கரத்தருகே மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு ஆறாவது நாள். தார்ப்பாயின் மேல் மழைநீர் குளம்போல் தேங்கியிருக்க, அதை அவ்வப்போது ஒரு மூங்கில் கழியால் உந்தித் தள்ளுவதுதான் அவருக்கிருந்த ஒரே வேலை. இரு நாட்டுப் பொருளாதார உறவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தப் பாலம்தான் நினைவுக்கு வருகிறது.

நம் அதிகாரிகள் கறாராக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து கச்சா சோயா எண்ணெயையும் பாமாயிலையும் இறக்குமதி செய்து, சுத்திகரித்து, தெற்காசியத் தடையில்லா வணிக ஏற்பாட்டின் வரிச் சலுகையில் இந்தியாவுக்கு விற்பது நேபாளத்தில் பெருந்தொழிலாகிவிட்டது. சோயா பெருமளவில் விளையாத நாட்டின் ஏற்றுமதியில் சோயா எண்ணெய் முன்வரிசைக்கு வந்த கதை இதுதான். நம் இறக்குமதி வரி ஏறினால் அந்த வணிகம் வீங்கும், இறங்கினால் வற்றும். இந்த வித்தையின் பழி, உண்மையாகவே மலைச்சரிவில் விளைந்த ஏலக்காயின் தலையிலும் விழுகிறது.

முனிர்காவிலிருந்து ஒரு மாணவர்: 2015இல் இந்தியா நேபாளத்தை முற்றுகையிட்டதா, இல்லையா?

2015 ஏப்ரல் நிலநடுக்கத்தின் காயம் ஆறுமுன், செப்டம்பர் 20 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியின் மாதேசி மக்கள் அதில் தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கிளர்ந்தெழுந்து பீகாரின் ரக்சௌலையும் நேபாளத்தின் பீர்கஞ்சையும் இணைக்கும் பாலத்தில் அமர்ந்தார்கள். பாதுகாப்பில்லாததால் லாரிகள் நின்றன, நாங்கள் தடுக்கவில்லை என்பது தில்லியின் விளக்கம். கிளர்ச்சியே இல்லாத சாவடிகளிலும் லாரிகள் நின்றனவே என்பது காத்மாண்டுவின் எதிர்க்கேள்வி; இதற்குத் தில்லி தந்த விடை எனக்கு நிறைவளித்ததில்லை.

ஏறத்தாழ ஐந்து மாதம் சமையல் எரிவாயு இன்றி விறகடுப்பு மூட்டிய ஒரு தலைமுறை அதை மறக்கப்போவதில்லை. 2016 மார்ச்சில் அப்போதைய நேபாளப் பிரதமர் ஓலி பெய்ஜிங் சென்று சீனத் துறைமுகங்கள் வழியே சரக்குக் கொண்டுவர உடன்பாடு செய்தார். ஆனால் கொல்கத்தாவிலிருந்து பீர்கஞ்சுக்கு இரயில் பாதை ஏறத்தாழ 700 கிலோமீட்டர்தான். சீனக் கடற்கரையோ திபெத்துக்கும் அப்பால் பல ஆயிரம் கிலோமீட்டர். காகிதத்தில் திறந்த வழியில் கண்டெய்னர் ஓடுவது அத்தனை எளிதன்று. நேபாளத்துக்கு எரிபொருள் தருவது இன்றும் இந்தியன் ஆயில் நிறுவனம்தான். பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எரிபொருள் குழாய் 2019 செப்டம்பரில் தொடங்கியபின் டேங்கர் வரிசை பெரிதும் குறைந்துவிட்டது.

ஜனக்புரியிலிருந்து ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்: மின்சாரத்தில் நேபாளம் இப்போது விற்பவரா, வாங்குபவரா?

மழைக்காலத்தில் விற்பவர், குளிர்காலத்தில் வாங்குபவர். பனி உறைந்து ஆறுகள் மெலியும் மாதங்களில் அங்கே உற்பத்தி சரிந்துவிடும். நேபாளத்தின் தால்கேபரையும் பீகாரின் முசாஃபர்பூரையும் இணைக்கும் உயரழுத்த மின்பாதை இரண்டு திசைக்கும் பயன்படுகிறது. 2021 நவம்பரில் நம் மின்சந்தையில் நேபாளம் முதன்முதலாக விற்றது வெறும் 39 மெகாவாட். அதைத் தந்த திரிசூலி, தேவிகாட் நிலையங்கள் இரண்டும் இந்திய உதவியில் எழுந்தவை என்பதைக் கவனியுங்கள். 2024 ஜனவரியில் பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் வரை வாங்க உடன்பாடாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியக் கம்பிகள் வழியே வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பவும் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதிலும் ஒரு முள் உண்டு. சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ சம்பந்தப்பட்ட நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்க மறுத்துவந்திருக்கிறது. பெரும்பாலும் நேபாளிகளின் சொந்தப் பணத்தில் கட்டப்பட்ட 456 மெகாவாட் மேல் தாமாகோசி நிலையம், கட்டுமானத்தில் சீன நிறுவனம் ஈடுபட்டதால் ஏற்றுமதி அனுமதிக்குக் காத்திருந்தது. வாங்குபவர் ஒருவரே என்னும்போது விற்பவர் பேரம் பேச இடமேது?

துவாரகாவிலிருந்து: காலாபானி எல்லைச் சிக்கல் தீருமா?

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் இடையிலான 1816ஆம் ஆண்டின் சுகௌலி உடன்படிக்கை காளி ஆற்றை நேபாளத்தின் மேற்கெல்லை என்றது. ஆறு எங்கே பிறக்கிறது என்பதில்தான் சண்டை. 2020 மே மாதம் அந்தச் சர்ச்சைப் பகுதியின் லிபுலேக் கணவாய்ச் சாலையை இந்தியா திறக்க, ஜூன் மாதமே நேபாளம் அப்பகுதியைத் தன்னுடையதாகக் காட்டும் புதிய வரைபடத்தை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. சட்டத்துக்குள் ஏறிய எல்லைக்கோட்டை அழிக்க எந்த அரசுக்கும் துணிவு வராது; எனவே விரைவில் தீரும் என்று நான் நம்பவில்லை.

மீண்டும் மயூர் விஹார் வாசகி: பணம் எப்படிக் கொண்டுபோவது? எங்கள் குடியிருப்புக் காவலாளி ஊருக்குப் பணம் அனுப்பவும் வழி கேட்கிறார்.

1993 முதல் நம் 100 ரூபாய் அவர்களுடைய 160 ரூபாய் என்ற விகிதம் மாறவில்லை. 2016இல் செல்லாததாக்கப்பட்ட நம் பழைய நோட்டுகள் அந்நாட்டு மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கியிடம் மாற்றப்படாமல் தேங்கிப்போனதும், 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை அவர்கள் தடை செய்ததும் பழைய மனத்தாங்கல்கள். இவ்விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் வங்கியில் உறுதிசெய்துகொண்டு, எப்படியும் நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

காவலாளிக்கு வங்கிக் கணக்கு இருந்தால் இந்திய–நேபாளப் பணப்பரிமாற்ற வசதியில் ஒரு தடவைக்கு 2 இலட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். கணக்கில்லாமல் ரொக்கமாகக் கட்டினால் 50,000 வரை. ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிடும் பழைய பழக்கத்தை விடச் சொல்லுங்கள். கூடவே, அவருடைய உண்மைப் பெயர் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் காவலாளியையும் ‘பகதூர்’ என்று நாம் கூப்பிடுவது அவர்களுக்குப் பிடிப்பதில்லை.