உப்புத் தண்ணீருக்கு எந்தச் சலவை இயந்திரம்?

கேள்வி: திசையன்விளைப் பக்கம் வசிக்கிறோம், வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பல ஆண்டுகளாகச் செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் துவைக்கிறோம். வெள்ளை வேட்டிகள் மங்கி விறைப்பாகின்றன. பாளையங்கோட்டை உறவினர் வீட்டில் ஃபிரண்ட் லோடு நன்றாக உழைக்கிறது. நாங்களும் அதை வாங்கினால் சரியாகுமா?

பதில்: இயந்திரத்தை மாற்றுவதால் மட்டும் வேட்டி வெளுத்துவிடாது. மங்கலுக்கும் விறைப்புக்கும் பெரும்பாலும் காரணம், தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியின் இழைகளில் தங்குவதுதான். இந்த உப்புகள் ஃபிரண்ட் லோடு இயந்திரத்தையே அதிகம் சோதிக்கும். அது ஏன் என்பது அந்த இயந்திரம் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது.

கிடைமட்ட உருளையில் துணியைப் புரட்டித் துவைக்கும் அமைப்புக்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் கிங் 1851-இல் காப்புரிமை பெற்றார். 1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் இதே அமைப்பில் தானியங்கி வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது; அதன் குலுக்கலைத் தாங்க, தரையோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டியிருந்தது. துணி மேலேறி விழும் அடியிலேயே அழுக்குப் போவதால் இந்த வகைக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். பின்னாளில் ஐரோப்பிய வீடுகளில் வெந்நீர்ச் சலவைக்காக இதனுள் ஹீட்டரும் வழக்கமாயிற்று. இந்த உப்புகள் மிகுந்த கடின நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்புப் படிவு ஹீட்டரின் மேல் ஏறி, வெப்பம் நீருக்குச் சேராமல் தடுத்து, நாளடைவில் ஹீட்டரையே பழுதாக்கும். அலசும் நீரும் குறைவு என்பதால் கறுப்புத் துணிகளில் வெள்ளைப் பூச்சு நிற்பதும் உண்டு.

உங்களிடம் இருப்பது வேறு மரபு. 1953-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம், தொட்டியின் பக்கச் சுவரில் சுழலி வைத்த மலிவான இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிழிவதற்குத் தனித் தொட்டி சேர்ந்த இரட்டைத் தொட்டி வகை 1960-களில் அங்கே பரவியது. இதற்குப் பச்சைத் தண்ணீர் போதும், ஹீட்டர் கிடையாது. குழாயில் அழுத்தம் இல்லாவிட்டாலும் குடத்தால் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரமும் தண்ணீரும் நேரம் பார்த்து வரும் ஊர்களுக்கு இது இன்றும் மிகப் பொருத்தமான இயந்திரம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதி. உங்கள் நீர் 200-க்குள் இருந்தால் ஃபிரண்ட் லோடு தாராளமாக வாங்கலாம். தாமிரபரணித் தண்ணீர் வரும் பாளையங்கோட்டை உறவினர் வீட்டில் அது நன்றாக உழைப்பதைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். 600-ஐத் தாண்டினால், நீரை மென்மையாக்கும் கருவி இல்லாமல் அதை வாங்காதீர்கள். இருக்கும் இயந்திரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஹீட்டர் இல்லாத டாப் லோடு பாருங்கள்.

வேட்டிக்கு, கட்டிச் சோப்பை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள். 1946-இல் அமெரிக்காவில் வந்த டைட் தூள் புகழ்பெற்றதே கடின நீரிலும் அழுக்கெடுத்ததால்தான். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஆற்றுநீரோ பயன்படுத்தினால் விறைப்பு வெகுவாகக் குறையும். வாளியில் பிடித்து வைத்த நீர் மறுநாள் செம்பழுப்பாக மாறினால் அதில் இரும்பும் இருக்கிறது என்று பொருள். அப்போது பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கறை இன்னும் ஆழமாகப் பதியும்.