ஒன்பது முடிந்தது, பத்துக்கு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

மூன்றாம் தவணை முடிகிற நேரம் என்பதால் இம்முறை தரம் 9 பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். வன்னியில் 9 உடனோ 11 உடனோ நின்றுவிடும் பாடசாலைகள் இருக்கின்றன. அதனால் பிள்ளை முதன்முறையாக ஊர் தாண்டிப் படிக்கப் போவது பல வீடுகளில் இந்த மார்கழி, தை மாதங்களில்தான்.

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில 9 வரைதான் இருக்கு. மகளை ஒட்டுசுட்டானில சேர்க்கிறதா, புதுக்குடியிருப்புக்கு அனுப்புறதா? பெரிய பள்ளிக்கூடமாப் பார்த்துச் சேருங்கோ எண்டு எல்லாரும் சொல்லினம்.
– தாய் ஒருவர், ஒட்டுசுட்டான் பகுதி

‘பெரிய’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் 1ஏபி வகைப் பாடசாலையை. அதாவது உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது. உங்கள் மகளுக்கு அது தேவைப்படுவதானால் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான். சாதாரண தரம் முடிந்தபின் பாடசாலை மாற இன்னொரு வாய்ப்பு வரும். இப்போது பார்க்க வேண்டியது 10, 11 ஆம் தரங்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் அந்தந்தப் பாட ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான். “ஆசிரியர் இருக்கிறாரா?” என்று பொதுவாகக் கேட்டால் “இருக்கிறார்” என்றுதான் பதில் வரும். “இப்ப பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் ஆர் எடுக்கிறா? கிழமைக்கு எத்தனை பாடவேளை?” என்று கேளுங்கள். சொந்தப் பாட ஆசிரியரா, வேறு பாடத்துக்கு வந்தவர் பதிலுக்கு எடுக்கிறாரா, இடமாற்றம் கேட்டிருக்கிறாரா என்பதெல்லாம் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். அவர்களிடமும் விசாரியுங்கள்.

பெறுபேற்றைக் கேட்கும்போது எத்தனை பேர் தோற்றினார்கள், அதில் எத்தனை பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். வாசலில் கட்டியிருக்கும் பனரில் ஒன்பது பாடத்திலும் ஏ (9ஏ) எடுத்த பிள்ளையின் படம் இருக்கும். கணிதத்தில் விழுந்தவர்களின் தொகையை எவரும் பனரில் போடுவதில்லை.

இரண்டாவது, பாதை. கோடையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி முதல் தை வரை மழை. குளம் வான் பாய்ந்தால் தாழ்பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகும். அந்த நாட்களில் மாற்று வழி உண்டா? விடியற்புறம் யானை கடக்கும் வீதியா? பாடசாலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு விடும். காலையில் பஸ் இருப்பது மட்டும் போதாது. 1.30 க்குப் பிறகு வரும் முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது நிறைந்து வந்தால் பிள்ளைகளுக்கு நிறுத்துகிறார்களா என்று ஒரு வேலைநாளில் தரிப்பிடத்தில் நின்று பாருங்கள். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போவில் மாணவர் சீசன் (பருவச்சீட்டு) எடுக்கலாம். அதிபரின் உறுதிப்படுத்தல் வேண்டும். தனியார் பஸ்ஸில் அந்தச் சீசன் செல்லாது என்பதால், உங்கள் வீதியில் எந்த பஸ் அதிகம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

எங்களைக் கேட்டால், மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் உள்ள கிட்டிய பாடசாலைதான் நல்ல பாடசாலை. ஒரு வழிக்கே ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்யும் பிள்ளை இரவில் புத்தகத்துக்கு மேல் தூங்கிவிழும்.

முடிவெடுத்ததும் ஓடிப்போய் விடுகைப் பத்திரம் எடுத்துவிடாதீர்கள். முதலில் புதிய பாடசாலை அதிபருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, இடம் உண்டு என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ‘லீவிங்’ எடுத்துவிட்டு, தை மாதம் “வகுப்பு நிரம்பீட்டுது” என்று கேட்டால் பிள்ளை இரண்டு பாடசாலையிலும் இல்லாமல் நிற்கும். கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் மூலப் பிரதி, தரம் 8, 9 தேர்ச்சி அறிக்கைகள், நற்சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று. எல்லாவற்றிலும் இரண்டு நிழற்பிரதி எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்புப் பாடநூல்கள் இலவசம். ஆனால் பாடசாலைகள் அவற்றை முன்கூட்டியே தொகை கணக்கிட்டுக் கேட்டிருக்கும். பழைய பாடசாலையில் கிடைக்குமா, புதிய இடத்திலா என்று இரு அதிபர்களிடமும் கேளுங்கள். குறைகிற புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

சேரும்போது ‘டொனேசன்’ கேட்டால் கொடுக்க வேண்டுமா?
– தந்தை, மல்லாவி

அரச பாடசாலையில் அனுமதிக்கு நன்கொடை கட்டாயமில்லை. வசதிகள் சேவைகள் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தாவும் இருக்கலாம். எதைக் கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு தர முடியாத காசைக் கட்ட வேண்டியதில்லை.

பேரனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிக்கூட இடாப்பில் வேறு மாதிரி இருக்கு. தாய் வெளிநாட்டில. நான்தான் பார்க்கிறன். இதால ஏதும் பிரச்சினை வருமோ?
– அம்மம்மா ஒருவர், செட்டிகுளம்

வரும் அம்மா, இப்போதே திருத்தினால் சுலபம். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதும் பெயர்தான் பெறுபேற்றுச் சான்றிதழில் வரும். 15 வயதில் எடுக்கும் அடையாள அட்டையில் வருவது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். ‘சிவராசா’ என்பது ஒன்றில் ‘சிவராஜா’ என்று இருந்தாலும், தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தாலும், பிறகு வேலைக்கு, கடவுச்சீட்டுக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் சத்தியக் கடதாசி கொண்டு அலைய வேண்டி வரும்.

பிழை பாடசாலைச் சேர்விடாப்பில் என்றால், பிறப்புச் சான்றிதழைக் காட்டி, விடுகைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே அதிபரிடம் திருத்தக் கேளுங்கள். பத்திரம் எழுதியபின் கேட்டால் புதிய பாடசாலையும் பழைய பிழையைத்தான் பிரதி பண்ணும். பிழை பிறப்புச் சான்றிதழில் என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். மாதக் கணக்கில் இழுபடக்கூடிய வேலை, ஆகவே இன்றே தொடங்குங்கள்.

இன்னொன்று. பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு இருக்கும். இடம்பெயர்ந்த காலத்திலும் மீள்குடியேற்றத்தின் தொடக்கத்திலும் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஊர் முல்லைத்தீவு என்றாலும் பதிவு வவுனியாவில். சான்றிதழ் தொலைந்திருந்தால் சொந்த ஊர்ச் செயலகத்தில் “பதிவு இல்லை” என்றதும் மனம் தளர வேண்டாம். பிறந்த ஆஸ்பத்திரி எது என்று பார்த்து அந்தப் பிரிவில் தேடச் சொல்லுங்கள்.

நீங்கள் பாதுகாவலர் என்பதைக் கிராம அலுவலரின் கடிதத்தோடும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியோடும் புதிய பாடசாலையில் முதல் நாளே பதிந்துவிடுங்கள். கையெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் தாயைத் தேட மாட்டார்கள்.

நான் தரம் 9. பத்தாம் வகுப்பில் தொகுதிப் பாடம் மூன்று தெரிவுசெய்ய வேண்டுமாம். விவசாயம் எடுத்தால் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க முடியாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
– மாணவன், முழங்காவில்

இல்லை, தம்பி. சாதாரண தரத்தில் மொத்தம் 9 பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லோருக்கும் பொது. மிச்சம் மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலாவதில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, முயற்சியாண்மை, இரண்டாம் மொழி போன்றவை. இரண்டாவதில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் போன்றவை. மூன்றாவதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்றவை. உயர்தர கணிதப் பிரிவுக்குப் பாடசாலை பார்ப்பது உங்கள் கணித, விஞ்ஞானப் பெறுபேற்றை. விவசாயம் எடுத்ததால் எந்தக் கதவும் மூடாது.

தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை வேறு. பட்டியலில் உள்ளதெல்லாம் உங்கள் பாடசாலையில் கிடைக்காது. தகவல் தொழினுட்பம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஆய்வுகூடத்தில் இயங்குகிற கணினி எத்தனை, ஒன்றுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து பேருக்கு ஒரு கணினி என்றால் விசைப்பலகையில் கைவைப்பவர் ஒருவர்தான், மற்ற நாலு பேரும் பார்வையாளர். சங்கீதம், நடனம், நாடகம் மூன்றுக்கும் எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆசிரியர் இல்லாமல் நோட்ஸை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. இலக்கிய நயத்தை ‘சும்மா தமிழ்தானே’ என்று எடுப்பவர்கள் முதலாம் தவணையிலேயே திகைக்கிறார்கள். செய்யுளைப் பாடமாக்கினால் மட்டும் புள்ளி வராது, நயம் எழுத வேண்டும்.

இரண்டாம் மொழி சிங்களத்தைப் பலர் தொடுவதே இல்லை. 6 முதல் 9 வரை படித்த அடிப்படை உங்களிடம் இருக்கிறது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நல்ல ஆசிரியர் இருந்தால் எடுப்பது மோசமில்லை.

எடுத்த பாடம் சரிவரவில்லை என்றால் முதலாம் தவணை முடியுமுன் மாற்றிவிடுங்கள். சாதாரண தர வினாத்தாள் 10, 11 இரண்டு வருடப் பாடத்தையும் கேட்கும். பதினொன்றில் மாறினால் ஒரு வருடம் போய்விட்டது.

விடுமுறையில் கணிதத்துக்கு எங்கிருந்து தொடங்குவது? ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லை.
– தாய், விசுவமடு

பத்தாம் வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டிப் படிப்பிக்க வேண்டாம். ஓட்டை எங்கே என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றையும் பிள்ளையிடம் கொடுங்கள்.

3 − 2(5 − 7)
1/2 + 1/3
240 ரூபாவில் 15%

விடைகள் 7, 5/6, 36 ரூபா. முதலாவதுக்கு −2 வந்தால் 3 இலிருந்து 2 ஐ முதலில் கழித்துவிட்டார். −1 வந்தால் அடைப்புக்குள் வந்த −2 ஐ 2 ஆல் பெருக்கும்போது குறியைத் தவறவிட்டார். இரண்டாவதுக்கு 2/5 என்று எழுதியிருந்தால் பின்னம் கூட்டவே தெரியாது, ஒன்பது வரை வகுப்பேற்றி விட்டிருக்கிறார்கள். பத்தாம் தரத்தில் பின்னங்கள், ஈருறுப்புக் கோவை, இருபடிக் கோவையின் காரணி, அட்சரகணிதப் பின்னம் என்று வருபவையெல்லாம் இந்த முதல் இரண்டின் மேல்தான் நிற்கின்றன. குறிப் பிழையும் பின்னப் பிழையும் திருந்தாமல் அங்கே போகும் பிள்ளை, முறை தெரிந்தும் விடையைப் பிழைவிடும்.

தரம் 7, 8 புத்தகங்களில் திசைகொண்ட எண்கள், பின்னங்கள், அட்சரகணிதக் கோவைகள் ஆகிய அலகுகளை எடுத்து, நாளுக்கு 10 கணக்கு, படிகளோடு எழுதச் செய்யுங்கள். விடையை மட்டும் எழுத விடாதீர்கள். பரீட்சையில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. வினாப்பத்திரம் எப்படி என்று அறிய விரும்பினால், பகுதி 1 க்கு 2 மணித்தியாலம், பகுதி 2 க்கு 3 மணித்தியாலம். முதற்பகுதியில் 25 சிறு வினாக்களுக்கு தலா 2 புள்ளி. 50 புள்ளி எடுத்தால் சி (திறமைச் சித்தி), 35 எடுத்தால் எஸ் (சாதாரண சித்தி). உயர்தரத்துக்குப் போக, தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடச் சித்தியும் அதில் 3 சி-யும் என்பதே வழக்கமான அளவுகோல்.

மகன் இனி 7 கிலோமீற்றர் சைக்கிளில் போகப்போகிறான். கிரவல் றோட்டு. என்ன கவனிக்க வேண்டும்?
– தந்தை, நெடுங்கேணி

காற்றுப் போவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பையில் சின்ன பம், சொலூசன், ஒட்டு, உப்புத்தாள், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு இருக்கட்டும். ஒட்டத் தெரியாவிட்டால் அவை வெறும் பாரம், ஆகவே வீட்டில் பழகச் சொல்லுங்கள். ரியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. துடைத்துக் காயவைத்து, ஒட்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொலூசனை மெல்லிதாகப் பூசி, மினுக்கம் போகும் வரை சில நிமிடம் விட்டு, பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரப்பசையோடு ஒட்டுவதால்தான் பாதி வழியில் திரும்பக் கழலுகிறது. மற்றப் பிழை, ரயருக்குள் இருக்கும் முள்ளை எடுக்காமல் போடுவது. ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிய பின்னரே ரியூபைப் போடவேண்டும்.

மழையில் ரிம் நனைந்தால் பிறேக் பிடிக்க நேரமெடுக்கும். இறக்கத்துக்கு முன்பே தொட்டுத் தொட்டுப் பிடிக்கட்டும். புத்தகப் பை கரியரில், பொலித்தீன் உறைக்குள். ஹாண்டிலில் தொங்கவிட்டால் வளைவில் இழுக்கும். தை மாதம் சூரியன் உதிக்க 6.20 தாண்டும். முன்னால் லைற்றும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாமல் ஏ9 வீதியிலோ மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலோ ஏற விடாதீர்கள்.

கடைசி நாளில் பிள்ளைகள் சட்டையில் மை தெளிப்பதும் பிரியாவிடைக்குக் காசு சேர்ப்பதும் தேவைதானா?
– ஆசிரியை, துணுக்காய்

மை தெளித்த வெள்ளைச் சட்டை தை மாதம் உதவாது. கையெழுத்து வேண்டுமென்றால் 80 பக்கக் கொப்பி ஒன்றை ஓட்டோகிராப்பாக்கி, எல்லோரும் எழுதட்டும். விருந்தை வீட்டிலிருந்து ஒவ்வொருவர் ஒவ்வொரு பலகாரம் என்று வைத்தால், காசு இல்லாததால் வராமல் நிற்கும் பிள்ளை இருக்காது. கூட்டமாகக் குளத்துக்குக் குளிக்கப் போவதை மட்டும் கட்டாயம் தடுங்கள். மாரியில் குளம் நிறைந்திருக்கும், ஆழம் தெரியாது.

மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஒன்பதோடு நிறுத்திக் கராஜில் விடலாமா?
– தந்தை, பரந்தன்

சட்டப்படி முடியாது. கட்டாயக் கல்வி வயது 16 வரை. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 திருத்தத்தின் பின் 16. சட்டத்தை விட்டாலும் கணக்கு உதைக்கும். 14 வயதில் போனால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதிலும் பாட்ஸ் கழுவுவதிலும் காலம் போகும், கையில் சான்றிதழ் ஒன்றும் இராது. இன்றைய வாகனங்களில் வயரிங் படம் பார்க்கவும் ஸ்கானர் காட்டும் ஆங்கிலத்தை வாசிக்கவும் தெரிய வேண்டும்.

பதினொன்று வரை இழுத்து, சாதாரண தரத்துக்குத் தோற்றட்டும். மூன்றாம் தொகுதியில் பொறிமுறைத் தொழினுட்பம் கிடைக்கிற பாடசாலையாகத் தேடுங்கள். சனி ஞாயிறில் பார்த்துப் பழகுவதானால் ஜக்குக்குக் கீழ், வெல்டிங் பக்கம் விட வேண்டாம் என்று கராஜ்காரரிடம் சொல்லிவையுங்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் நடக்கும் பாடசாலைகளில் தொழிற்பாடங்களைத் தொடரலாம். உங்களுக்குக் கிட்டவே கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழினுட்பம் அங்கே உண்டு, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை கிடைக்கும். நுழைவுத் தகைமை கற்கைக்குக் கற்கை வேறுபடும். மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் போய், வேலைத்தளத்தைக் காட்டி, அவன் விரும்பும் கற்கைக்குச் சாதாரண தரத்தில் எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று எழுதி வாங்கி வாருங்கள்.