தையல் கேள்வி-பதில்: கடற்கரைக்கு ஒரு பெரிய கான்வாஸ் பை

கேள்வி: துண்டு, மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கொள்ளும் பை தைத்தேன். அடியை விரித்துத் தைத்ததும் பை குறுகிவிட்டது. கைப்பிடியும் துணியோடு கிழிந்து வந்துவிட்டது. எங்கே தவறு?
(தூத்துக்குடி வாசகி)

அடிப்பாகத்துக்கான துணி, பையின் அகலத்திலிருந்துதான் போகும். 18 அங்குல அகலப் பை வேண்டுமென்று 19 அங்குலம் வெட்டினால், 7 அங்குல அடி விரித்ததும் மிஞ்சுவது 11தான். அகலம் 18, உயரம் 14, அடி 7 அங்குலம் வர, 26 × 19½ அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். தையலுக்கு அரை அங்குலமும் வாய் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் இதிலேயே அடக்கம். இரு துண்டிலும் கீழ்மூலைகளில் 3½ அங்குலச் சதுரம் வெட்டி எடுக்க வேண்டும். அடி 7 என்பதால் சதுரத்தையும் 7 வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அடி 14 ஆகிவிடும்.

துணி, சதுர கஜத்துக்கு 10 முதல் 12 அவுன்ஸ் எடையுள்ள பருத்திக் கான்வாஸ். 58 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒன்றேகால் மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் துணியும் கைப்பிடி நாடாவும் ஒரே அளவில் சுருங்காமல் ஓரமெல்லாம் சுளித்துக்கொள்ளலாம்.

இனி கைப்பிடி. வாயில் மட்டும் தைத்தால் மொத்தப் பாரமும் நாலு இடத்தில் விழும். நூல் தாங்கினாலும் துணி தாங்காது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் நிறுவனம் 1944-ல் ஐஸ்கட்டி தூக்கவென்று கான்வாஸ் பை ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றைய ‘போட் அண்ட் டோட்’ பை அதன் வாரிசு. அதில் நாடா உடம்பு வழியே கீழே இறங்குவதைக் கவனியுங்கள். நாம் அதையும் தாண்டி அடியைச் சுற்றியே கொண்டுபோகலாம். ஒன்றரை அங்குலப் பருத்தி நாடா மூன்றரை மீட்டர் வாங்குங்கள். இரு துண்டையும் அடியில் இணைத்து, விரித்துப்போட்டு, நாடாவை ஒரே வளையமாக ஓட்டுங்கள். இரு வரிசைக்கும் நடுவே 6 அங்குலம் இடைவெளி. தோளில் மாட்ட ஒவ்வொரு பக்கமும் மேலே 28 அங்குலம் விடுங்கள். நாடாவின் ஒட்டு அடிப்பாகத்தில் வரட்டும். வாய்க்கு 3 அங்குலம் முன்பே தையலை நிறுத்துங்கள். பிறகு பக்கவாட்டு, மூலை, வாய் மடிப்பு. கடைசியாக மடிப்பின் மேல் நாடாவைச் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போடுங்கள்.

நூல் பாலியஸ்டர், ஊசி 16-ம் நம்பர், நாடா சேரும் இடத்தில் 18. அங்கே ஊசி உடைவதும் தையல் விட்டுப்போவதும் தடிமனால்தான். மடிப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அமுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள்.

கேள்வி: பை எத்தனை நாள் காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை. பிரஸ் பட்டனும் துருப்பிடிக்கிறது.
(நாகப்பட்டினம் வாசகர்)

துணிக்குள் தங்கிய கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் போட்டுப் பயனில்லை, உப்பு வெளியேற வேண்டும். நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவையுங்கள். பிறகு உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மணலைக் காய்ந்தபின் உதறினால்தான் உதிரும். அரைகுறை ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி விழும். அது எளிதில் போகாது.

பட்டன் பித்தளையாக இருக்கட்டும், ஜிப் பிளாஸ்டிக் பல் உள்ளதாக. கடற்கரைப் பைக்கு லைனிங் வேண்டாம் என்பதே என் கருத்து: இரண்டு துணிக்கும் இடையே மணல் புகுந்தால் எடுக்க வழியில்லை. உள்தையலை நாடாவால் மூடினால் போதும்.

கேள்வி: மாலுமிச் சட்டை போல நீலக்கோடு வைக்க அளவு?
(சென்னை வாசகி)

பிரெஞ்சுக் கடற்படை 1858-ல் வகுத்த கணக்கில் வெள்ளை 20 மி.மீ., நீலம் 10 மி.மீ. பெரிய பைக்கு இரண்டையும் இரட்டிப்பாக்கலாம், விகிதம் மாறக் கூடாது. நீலத் துணியை முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். உப்போ வினிகரோ போட்டு நிறுத்திவிடலாம் என்று நம்பாதீர்கள்.