துணைவேந்தர் கையெழுத்து இல்லாத பட்டம் செல்லுமா?

கேள்வி: என் மகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்தாள். பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து இல்லை. ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர் கையெழுத்துதான் இருக்கிறது. அயர்லாந்தில் இது செல்லாது, கவர்னர் மாளிகையில் ஆள் இருக்கிறார், கவர்னர் முத்திரை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம், துணைவேந்தர் அல்ல. சட்டமன்றச் சட்டப்படி உருவான பல்கலைக்கழகத்துக்கு அந்த உரிமை உண்டு என்று 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. துணைவேந்தர் நாற்காலி காலியானால் வேலையை ஒருங்கிணைப்புக் குழு பார்க்கும், அவ்வளவுதான்.

அந்த நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. புதிய துணைவேந்தரைத் தேடும் குழுவில் யுஜிசி ஆள் வேண்டும் என்றார் ஆளுநர்; நியமன அதிகாரமே எங்களுக்கு என்று மசோதாக்கள் போட்டது மாநில அரசு. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றிலுள்ள துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை போட்டது. பெரியவர்கள் சண்டையில் கவுன்ட்டருக்கும் வீட்டுக்கும் அலைவது பிள்ளைகள்!

"கவர்னர் முத்திரை" என்பதே ஏமாற்று. ஆளுநர் வேந்தராக, அதாவது பல்கலைக்கழகத்தின் தலைவராக, இருப்பது அரசியலமைப்பு சொல்லி அல்ல, அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டம் சொல்லி. சந்தேகமிருந்தால் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வேந்தர் முதலமைச்சர். ஆமாம், ஆளுநர் இல்லை. அங்கே வீணை படித்த பிள்ளை எந்த மாளிகைக்குப் போய் முத்திரை வாங்கும்? ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, உங்களுக்கு வேண்டியது அபோஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு வைக்கும் முத்திரை. முதலில் மாநில உயர்கல்வித் துறைச் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகம். அமைச்சகக் கட்டணம் 50 ரூபாய்தான். சேவை மையக் கட்டணம் தனி. மூலச் சான்றிதழை எந்த ஏஜென்டிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் லேமினேட் செய்தே கொடுத்திருந்தார், முத்திரை வைக்க இடமே இல்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இன்ஷியல் விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? வித்தியாசம் இருந்தால் அபோஸ்டிலுக்குப் போகும் முன்பே பல்கலைக்கழகத்தில் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.