ஒரே வளாகம், பல பசுமைக் குழுக்கள்: கேள்வி பதில்

பல்கலைக்கழக வளாகங்களில் இயங்கும் மாணவர் சூழல் குழுக்கள் சேர்ந்து பணியாற்றுவது குறித்து வந்த கேள்விகளுக்கு, அத்தகைய குழுக்களை ஒருங்கிணைக்கும் பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் இங்கே பதிலளிக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவி): எங்கள் வளாகத்தில் கழிவுக்கு ஒரு குழு, மரம் வளர்ப்புக்கு ஒரு குழு, மிதிவண்டிக்கு ஒன்று, எரிசக்திக்கு ஒன்று எனப் பல குழுக்கள் இருக்கின்றன. ஒரே வாரத்தில் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கூட்டம் நடத்துகின்றன. எதற்கும் போதிய ஆள் வருவதில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரே சங்கமாக்கிவிடலாமா, ஐயா?

பதில்: கலைக்க வேண்டாம். மிதிவண்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வந்த மாணவரை ஒரு பெரிய சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் உட்கார வைத்தால், அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். தன் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட வேலை இருப்பதால்தான் ஒவ்வொரு குழுவும் உயிரோடு இருக்கிறது. ஆகவே குழுக்கள் தத்தம் பெயரோடும் நிதியோடும் இருக்கட்டும். அவற்றுக்கு மேலே, குழுவுக்கு இருவர் வீதம் அமரும் ஓர் ஒருங்கிணைப்பு அவையை மட்டும் அமையுங்கள்.

அந்த அவைக்கு அதிக அதிகாரம் தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் எல்லோருக்குமான ஒரு நாள்காட்டியை அது வகுக்க வேண்டும். வளாகத்தின் மின்சாரம், நீர், கழிவு ஆகியவற்றின் அளவீடுகளை எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டும். நிர்வாகத்திடம் செல்லும்போது எல்லாக் குழுக்களும் ஒப்புக்கொண்ட ஒரு கோரிக்கையோடு செல்ல வேண்டும். இவற்றுள் அளவீடுகளே முதன்மையானவை என்பது என் உறுதியான கருத்து. கழிவுக் குழு ஓர் எண்ணையும் உணவுக் குழு வேறோர் எண்ணையும் சொன்னால், நிர்வாகம் இரண்டையுமே ஒதுக்கிவிடும். நல்லெண்ணத்தால் தொடங்கும் கூட்டுறவு பொதுவான எண்கள் இல்லாவிட்டால் ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை.

கேள்வி (முதுகலை மாணவர்): எங்களில் ஒரு குழு, புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் பல்கலைக்கழகம் செய்துள்ள முதலீட்டைத் திரும்பப் பெறக் கோரிப் போராட விரும்புகிறது. மற்றக் குழுக்களோ நிர்வாகத்தோடு இணக்கமாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்கின்றன. இருவரும் ஒரே அவையில் இருக்க முடியுமா?

பதில்: முடியும், இருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்திலுள்ள யூனிட்டி கல்லூரி 2012-இல் இத்தகைய முதலீடுகளை விலக்கிக்கொள்ள முடிவெடுத்த பிறகு, பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் அந்தக் கோரிக்கை எழுந்தது. பல இடங்களில் மாணவர் அழுத்தம் இல்லாமல் அது நிகழ்ந்திருக்காது. அதேவேளையில், ஒரு விடுதியின் நீர்க்கசிவை அடைக்க வேண்டுமானால் பராமரிப்புப் பொறியாளரின் நட்பு இன்றியமையாதது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்றைச் செய்பவர் மற்றதைச் செய்பவரைக் கோழை என்றோ கலகக்காரர் என்றோ பேசத் தொடங்கும் நாளில்தான் அவை உடைகிறது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் விதிகள் மிக எளியவை. எந்தக் குழுவும் மற்றொரு குழுவின் பெயரை எழுத்துமூல ஒப்புதல் இன்றி அறிக்கையிலோ சுவரொட்டியிலோ போடக் கூடாது. போராட்டம் நடத்தும் குழு, குறைந்தது முந்தைய நாளாவது மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி கேட்கத் தேவையில்லை, செய்தி சொன்னால் போதும். நிர்வாகத்தோடு பேசும் குழுவும், அங்கே என்ன பேசினோம் என்பதை மறைக்காமல் அவையில் வைக்க வேண்டும். இந்தப் பிந்தைய விதியைத்தான் பலர் மறக்கிறார்கள். மூடிய அறையில் ஒருவர் மட்டும் பேசிவிட்டு வந்து, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னால், வெளியே நிற்பவர்களுக்கு ஐயம் எழுவது இயற்கையே.

கேள்வி (கழிவுக் குழு உறுப்பினர்): கழிவுத் தணிக்கை செய்யச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? மற்றக் குழுக்களை இதில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: கழிவை வகைவகையாகப் பிரித்து எடை பார்ப்பதே கழிவுத் தணிக்கை. ஒரு கட்டடத்தின் ஒரு நாள் கழிவிலிருந்து தொடங்குங்கள். துப்புரவுப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி, அன்றைய பைகளை ஏற்றி அனுப்பாமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாடி, எந்தத் தொட்டி என்ற சீட்டு ஒவ்வொரு பையிலும் இருக்க வேண்டும். திறந்த வெளியில் தார்ப்பாய் விரித்து, தடித்த கையுறையும் முகக்கவசமும் மூடிய காலணியும் அணிந்து வேலை செய்யுங்கள். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் மட்டுமே எடுங்கள். ஆய்வகத்திலிருந்தும் மருத்துவ மையத்திலிருந்தும் வரும் பைகளை எந்த நிலையிலும் திறக்கக் கூடாது.

காலி வாளியின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, பிரித்த ஒவ்வொரு வகையையும் அந்த வாளியில் இட்டு எடை பாருங்கள். பானம் மீந்திருக்கும் கோப்பைகளையும் புட்டிகளையும் அப்படியே நிறுக்காமல், உள்ளே இருப்பதை ஒரு தனி வாளியில் ஊற்றி அதையும் எடை பாருங்கள். அந்த வாளி எவ்வளவு விரைவில் நிறைகிறது என்பதைக் காணும்போதுதான், பக்கத்திலிருந்த நல்ல காகிதம் ஏன் நனைந்து மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது என்பது விளங்கும். தொட்டிகளுக்கு அருகில் மீந்த பானத்தை ஊற்ற ஒரு வாளி வைப்பது போன்ற சிறிய தீர்வுகள் இப்படித்தான் பிறக்கின்றன. காகிதக் கோப்பைகளைத் தனியாகப் பிரியுங்கள். அவற்றின் உட்புறத்தில் பொதுவாக மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் சாதாரணக் காகிதத்தோடு அவை சேர்வதில்லை.

இந்த ஒரு நாள் வேலைக்கு எல்லாக் குழுக்களும் தேவைப்படும் என்பதே இதன் சிறப்பு. பிரிக்க ஆள் வேண்டும், எழுத ஆள் வேண்டும், உணவுக்கழிவு எந்த வேளையில் மிகுகிறது என்று அறிந்தவர் வேண்டும். அடுத்த பருவத்தில் அதே கட்டடத்தில், அதே கிழமையில் மீண்டும் செய்யுங்கள். இடத்தையும் நாளையும் மாற்றினால் ஒப்பிடவே முடியாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகமும் மயாமி பல்கலைக்கழகமும் தொடங்கிய மறுசுழற்சிப் போட்டி பின்னர் நூற்றுக்கணக்கான வளாகங்களுக்குப் பரவியது. போட்டி மாணவரை ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மறுசுழற்சிக்குச் செல்லும் எடை கூடுவது மட்டுமே வெற்றியாகாது. வாங்குவது கூடினாலும் அந்த எடை கூடும். மொத்தக் கழிவு குறைந்ததா என்பதையே முதலில் பாருங்கள்.

கேள்வி (விடுதி உணவுக் குழு உறுப்பினர்): மட்கு உரம் தயாரிக்கத் தொடங்கினோம். நாற்றம் தாங்கவில்லை என்று விடுதியில் புகார். தோட்டக் குழுவினரும் எங்களைக் குறை சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் சிக்கலுக்குத் தீர்வு தோட்டக் குழுவினரிடம்தான் இருக்கிறது. மட்கும் குவியலில் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25-க்கு 1 முதல் 30-க்கு 1 வரையிலான விகிதத்தில் இருக்க வேண்டும். உணவுக்கழிவில் இது 15-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். உலர்ந்த இலைகளில் 50-க்கு 1 அல்லது அதற்கும் மேல். நீங்கள் ஈரக்கழிவை மட்டும் குவிக்கிறீர்கள், அவர்களோ சருகுகளைக் கூட்டி வெளியே அனுப்புகிறார்கள். இரண்டையும் ஓரிடத்தில் சேருங்கள்; ஒவ்வொரு முறை கழிவு கொட்டிய பின்னும் அதன்மேல் சருகை மூடிப் பரப்புங்கள்.

அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் காற்று புகவில்லை, கிளறிவிட வேண்டும். ஈரத்தைச் சோதிக்க, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: ஓரிரு துளி மட்டும் வடிந்தால் சரியான பதம், ஒழுகினால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதவில்லை. நோய்க்கிருமிகள் அழிய, மூடிய கலனில் குறைந்தது மூன்று நாட்களாவது 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைக்க வேண்டும். நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். "மட்கும்" என்று விற்கப்படும் பிஎல்ஏ (தாவரப் பொருளிலிருந்து செய்யும் ஒருவகை நெகிழி) கரண்டிகளும் கோப்பைகளும் பெரிய உரத் தொழிற்கூடங்களின் உயர் வெப்பநிலையில்தான் சிதையும் என்பதால், சிறிய குவியலில் அவற்றைப் போடாதீர்கள்.

இருந்தாலும், உரமாக்குவது கடைசிப் படிதான். முதலில் வீணாவதைக் குறைக்க வேண்டும், பிறகு மீந்த நல்ல உணவைப் பசித்தவர்களிடம் சேர்க்க வேண்டும். 2008-இல் அமெரிக்கக் கல்லூரி உணவகங்களில் டிரேக்களை நீக்கிப் பார்த்த ஓர் ஆய்வில், ஒருவர் வீணாக்கும் உணவு 25 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. 2011-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் மீந்த உணவைச் சேகரித்து வழங்கத் தொடங்கிய முயற்சி, இன்று பல வளாகங்களை உள்ளடக்கிய வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது.

கேள்வி (பொறியியல் மாணவர்): வளாகத்தின் கார்பன் உமிழ்வைக் கணக்கிட விரும்புகிறோம். மின்கட்டண விவரங்களை நிர்வாகம் தர மறுக்கிறது.

பதில்: மொத்த விவரத்தையும் கேட்டதுதான் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு கட்டடத்தின் மீட்டரை நள்ளிரவுக்குப் பின் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். யாருமே இல்லாத நேரத்தில் ஒரு மணி நேர இடைவெளியில் இரு முறை அளவு எடுத்தால், அந்தக் கட்டடம் வெறுமையாக இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பது தெரிந்துவிடும். அதைப் பகல் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு பொறியாளருடன் ஒவ்வொரு மாடியாக நடந்து காரணத்தைத் தேடுங்கள்: அணைக்கப்படாத காற்றோட்ட விசிறி, வெற்று வகுப்பறையைக் குளிரூட்டும் எந்திரம், இரவு முழுதும் எரியும் கணினித் திரைகள். செலவு மிச்சமாகும் வழியோடு செல்பவருக்கு அடுத்த முறை கதவு எளிதில் திறக்கும்.

கணக்கிடும்போது, உமிழ்வைக் கணக்கிடுவதற்கான பன்னாட்டு வழிகாட்டியாக 2001-இல் முதற்பதிப்பு வெளியான பசுமை இல்ல வாயு நெறிமுறையின் பகுப்பைப் பின்பற்றுங்கள். வளாகத்துக்குள்ளேயே எரிபொருள் எரிப்பதும் குளிர்பதன வாயு கசிவதும் முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. பயணம், கொள்முதல், கழிவு முதலான மறைமுக உமிழ்வுகள் மூன்றாம் வகை. முதல் இரண்டையும் செம்மையாக முடித்த பிறகே மூன்றாவதைத் தொடுங்கள்.

கேள்வி (பொருளாளர் ஒருவர்): ஒவ்வொரு ஆண்டும் நிதி கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: சுழல்நிதி உண்டு. ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்து, விளக்கு மாற்றுதல் போன்ற திட்டத்தால் மிச்சமாகும் கட்டணத்திலிருந்தே அதைத் திரும்பப் பெற்று, அடுத்த திட்டத்துக்குப் பயன்படுத்துவது அதன் முறை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2001 முதல் இத்தகைய நிதியை நடத்திக் காட்டியது. ஆனால் சேமிப்பை மீட்டர் காட்டியாக வேண்டும். ஆகவே மேலே சொன்ன அளவீட்டுப் பணியை முடிக்காமல் இதைக் கேட்காதீர்கள்.

கேள்வி (முதலாமாண்டு மாணவர்): எங்கள் குழு மரக்கன்று நடும் விழா நடத்தலாம் என்று இருக்கிறது. மற்றக் குழுக்களை அழைக்கலாமா?

பதில்: அழையுங்கள். நீண்ட விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதை எழுதி முடித்த பிறகு நாள் குறியுங்கள்.

கேள்வி (மாணவர் பேரவை உறுப்பினர்): பசுமைத் தரவரிசையில் இடம்பெறுவதை எல்லாக் குழுக்களின் பொது இலக்காக வைக்கலாமா?

பதில்: கருவியாக வைக்கலாம், இலக்காக வேண்டாம். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசையும், அதே ஆண்டில் வட அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஸ்டார்ஸ் மதிப்பீடும் எவற்றையெல்லாம் அளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நல்ல பட்டியல்கள். பிரான்ஸின் தல்வார் என்ற சிற்றூரில் 1990-இல் பல்கலைக்கழகத் தலைவர்கள் சூழல் பொறுப்பு குறித்து வெளியிட்ட பத்து அம்சப் பிரகடனத்தில் உங்கள் நிறுவனம் கையெழுத்திட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இட்டிருந்தால், நிர்வாகமே ஏற்றுக்கொண்ட சொற்களைக் காட்டிப் பேச முடியும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி, ஒருங்கிணைப்பாளர்): நாங்கள் படித்து முடித்து வெளியேறியதும் எல்லாம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம். கையளிப்பு எப்படி இருக்க வேண்டும்?

பதில்: அச்சம் நியாயமானது, மாணவர் குழுக்கள் பெரும்பாலும் பகையால் அழிவதில்லை, பட்டமளிப்பு விழாவோடு அழிகின்றன. கடைசி மாதத்தில் கோப்புகளை ஒப்படைப்பது பயன் தராது. அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களை ஒரு பருவத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்து, பொறியாளரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் உங்களோடு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். அந்த உறவுகளைக் கோப்பில் எழுதி வைக்க முடியாது.

எழுத வேண்டியதையும் எழுதுங்கள்: யார் எதற்கு ஒப்புதல் தருவார், எந்தக் கோரிக்கை ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்தத் தராசு யாரிடம் இருக்கிறது, கடவுச்சொற்கள் எங்கே. மின்னஞ்சல் கணக்கும் கோப்புறையும் ஒரு தனி மாணவரின் பெயரில் இல்லாமல் அவையின் பெயரில் இருக்கட்டும். நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளின் பதிவை நான் மிகவும் மதிக்கிறேன். அது இல்லாத வளாகங்களில் ஒவ்வொரு தலைமுறையும் அதே கதவை அதே வாதத்தோடு தட்டுகிறது.

இறுதியாக, துப்புரவுப் பணியாளர்களையும் சமையல்கூடப் பணியாளர்களையும் அவைக் கூட்டங்களுக்கு அழையுங்கள். அவர்களின் வேலை நேரத்துக்கு ஏற்பக் கூட்ட நேரத்தை மாற்றுங்கள். எந்தத் தொட்டி எந்தக் கிழமையில் நிரம்பி வழிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்கள் சென்ற பின்னும் அவர்கள் அங்கே இருப்பார்கள். அடுத்த ஆண்டுப் பொறுப்பாளரை நீங்கள் முதலில் அறிமுகப்படுத்த வேண்டியதும் அவர்களிடம்தான்.