புதிதாக ராப் பாட வருகிறவர்கள் நல்ல மியூசிக் புரொடியூசரை எங்கே, எப்படித் தேடுவது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை. 2021ல் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விட்டேன். 14,000 ரூபாயும் ஒரு பாட்டும் போனது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், அந்தப் பாட்டு போனதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைக்கிறேன். நோட்டு நிறைய வரிகள் இருக்கும். யூடியூபில் 'டைப் பீட்' (பிரபலமான ஒரு பாடகரின் பாணியில் செய்த பின்னணி இசை) என்று தேடி எடுத்ததன் மேல் போனிலேயே பாடி நண்பர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள், எல்லாரும் 'மாஸ் மச்சி' என்றிருப்பார்கள். இன்ஸ்டாகிராமில் இருபது பேருக்கு மெசேஜ் போட்டிருப்பீர்கள், இரண்டு பேர் பதில் சொல்லியிருப்பார்கள், அதில் ஒருவர் அட்வான்ஸ் கேட்டிருப்பார். அந்த அட்வான்ஸை இன்றைக்கு அனுப்பாதீர்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். நம்மூரில் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவர். எங்கள் அம்மாவிடம் 'புரொடியூசர் தேடுறேன்' என்று சொன்னபோது 'உனக்கு யாருடா காசு போடுவா' என்றுதான் கேட்டார். ஹிப்ஹாப்பில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள். பீட் மட்டும் செய்து விற்கிறவர் ஒருவர், பதிவான குரலையும் இசையையும் சேர்த்து மிக்ஸ் செய்கிறவர் ஒருவர், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வரியை மாற்று, இங்கே மூச்சு எடு, இந்த இடத்தில் டிரம்ஸை நிறுத்திப் பார்ப்போம் என்று பாட்டைக் கடைசி வரை கொண்டுபோகிறவர் ஒருவர். மூன்றையும் ஒரே ஆள் செய்யலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குத் தேவை மூன்றாவது ஆள், நாம் போய்ப் பணம் கட்டுவதோ பெரும்பாலும் முதல் ஆளிடம். நானும் அதைத்தான் செய்தேன்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் இழந்த அந்தப் பாட்டு, 'தானே' என்று பெயர் வைத்த புயலைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையைக் கடந்தபோது எனக்கு எட்டாம் வகுப்பு. பண்ருட்டி பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது, தாத்தா வைத்த பலா மரம் வேரோடு சாய்ந்தது, கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பாட்டி அந்தப் பலா மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் டிவியில் வருவது புயல் வந்தால் மட்டும்தான். டிசம்பர் ஆனால் சில்வர் பீச்சில் ரெயின்கோட் போட்ட நிருபர்கள் நிற்பார்கள், 'அலை ஆக்ரோஷமாக இருக்கிறது' என்பார்கள், மழை விட்டதும் போய்விடுவார்கள். புதிதாக நட்ட முந்திரி காய்க்க எத்தனை வருடம் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்தது, யாரும் திரும்ப வந்து கேட்டதில்லை. வெளியூர்க்காரர்களிடம் கடலூர் என்றால் 'ஓ, பாண்டி பக்கமா' என்கிறார்கள். மாவட்டத் தலைநகரம் ஐயா இது, பாண்டிக்குப் போகும் வழியில் இருக்கும் பஸ் ஸ்டாப் இல்லை. இந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் ராப் எழுதியிருக்கவே மாட்டேன், அதனால்தான் இதை எழுதினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புயலின் பத்தாவது வருடத்தில், 2021 டிசம்பர் 30 அன்றே பாட்டை வெளியிட வேண்டும் என்று தேதி குறித்துவிட்டேன். அந்த அவசரம்தான் என் கண்ணை மறைத்தது. சென்னையில் ஒருவர், இன்ஸ்டாகிராமில் முப்பதாயிரம் ஃபாலோயர்ஸ், எக்ஸ்க்ளூசிவ் பீட், அதாவது எனக்கு மட்டும் என்று, 14,000 என்றார். பாதியை முன்பணமாக அனுப்பினேன். பத்து நாளில் ஒரு எம்பி3 வந்தது. ஸ்டெம்ஸ் கேட்டேன், அதாவது டிரம்ஸ், பேஸ், மெலடி எல்லாம் தனித்தனிக் கோப்பாக. 'அதெல்லாம் உனக்கு எதுக்கு ப்ரோ, நானே மிக்ஸ் பண்ணித் தரேன்' என்றார். இரண்டாவது சரணம் தொடங்குகிற இடத்தில் ஏதோ ஒரு பெண் குரல் தேய்ந்து மறைகிற மாதிரி கேட்டது. 'எஃபெக்ட்' என்றார். நம்பினேன், மீதியையும் அனுப்பினேன்.

பாட்டு வெளியாகி மூன்றாவது வாரம் யூடியூபில் காப்பிரைட் கிளெய்ம் வந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்குப் பாட்டை அனுப்பிய டிஸ்ட்ரிபியூட்டரும் எடுத்துவிட்டார்கள். பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன். அது வெளிநாட்டுப் பையன் ஒருவன் 'ஃப்ரீ' என்று யூடியூபில் போட்டிருந்த பீட். அந்தப் பெண் குரல் அவனுடைய டேக், அதாவது பீட் செய்தவர் தன் பெயரைச் சொல்லி வைக்கிற முத்திரை. நம்ம ஆள் டேக்கை வெட்டியிருக்கிறார், அதன் எதிரொலி மட்டும் வால் மாதிரி மிச்சம் நின்றிருக்கிறது.

அந்தப் பையனுக்கே மெயில் போட்டேன். மரியாதையாகப் பதில் சொன்னான். அவனுடைய லீஸ் விலை, அதாவது வாடகை மாதிரிப் பயன்படுத்தக் கொடுக்கிற விலை, 30 டாலர், அப்போதைய கணக்கில் 2,200 ரூபாய் சொச்சம். ஆனால் நான் எழுதுவதற்கு முன்பே வேறொரு பாடகருக்கு அந்தப் பீட்டை எக்ஸ்க்ளூசிவாக விற்றுவிட்டான், வாங்கியவர் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டார். அதில் ஏறிய ஒலியை யூடியூபின் கணினியே மற்ற வீடியோக்களில் தேடிக் கண்டுபிடித்துவிடும். இனி நான் காசு கொடுத்தாலும் அந்தப் பீட் கிடைக்காது.

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். லீஸ் என்றால் வாடகை மாதிரி. அதே பீட்டை இன்னும் நூறு பேருக்கும் கொடுக்கலாம், இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பும் இருக்கும், அதை வைத்து நீங்கள் கன்டென்ட் ஐடியில் ஏற்றவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் விற்கக் கூடாது, ஆனால் அதற்கு முன் விற்ற லீஸ்கள் அப்படியே இருக்கும். 'ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பழகிப் பார்க்க, காசு சம்பாதிக்காத விஷயத்துக்கு என்று பொருள். ஒருவர் பீட் என்னுடையது என்கிறாரா? ஸ்டெம்ஸ் கேளுங்கள். வீடியோ காலில் எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் மாதிரி இசை செய்கிற மென்பொருளில் அவர் எதில் செய்தாரோ அந்த ப்ராஜெக்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே செய்தவர் சந்தோஷமாகத் திறந்து காட்டுவார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. 2022 ஆடியில் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பம்பை உடுக்கை முடிந்ததும் மேடையில் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு வாசித்த அண்ணா, பம்பைக்காரர்கள் கிளம்பும் முன் அவர்களிடம் மறுபடி ஒரு தாளத்தை வாசிக்கச் சொல்லி சின்ன ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன துணிச்சலில் போனேனோ தெரியவில்லை, 'அண்ணா, ராப்புக்கு பீட் பண்ணுவீங்களா' என்று கேட்டேன். 'முதல்ல நீ பாடு தம்பி' என்றார்.

ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பீட்டே இல்லாமல் பாடினேன். தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், 'மூணாவது வரியில மூச்சு எங்கடா எடுக்கிற?' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்து, 'கடல்னு எழுதிட்டு காடல்னு பாடுற. தாளத்துல இடம் நிரம்பலன்னு குறில இழுத்தா அர்த்தம் போயிடும், வேற வார்த்தை போடு' என்றார். அதுவரை என் பாட்டைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவர்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. 14,000 வாங்கியவர் என் வரிகளைப் படிக்கவே இல்லை.

பிறகு அவர் வீட்டு மாடியில் வேலை நடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூம், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டோம், பஸ் சத்தம் அடங்குவதற்காக இரவு 11 மணிக்கு மேல்தான் பதிவு, ஃபேனை நிறுத்திவிட்டு. அந்தத் 'தானே' புயல் பாட்டையே திரும்ப எடுத்தோம். பம்பைக்காரர்கள் வாசித்தது மூன்று மூன்றாக நடக்கிற திஸ்ர நடை, நான் எழுதியிருந்ததோ நாலு நாலாக. பீட்டை மாற்றுங்கள் என்றேன், 'நீ மாறு' என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து வரி வரியாகத் திருப்பி எழுதினேன். பம்பைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 1,500 கொடுக்க வேண்டும், பெயரும் போட வேண்டும் என்பதில் அண்ணா கறாராக இருந்தார், அது நியாயம்தான். அண்ணாவுக்கு 6,000, இரண்டு தவணையில். மிக்ஸ் மட்டும் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தம்பி செய்தான், 3,000.

'பதினோராயிரம் வியூஸ் வைத்துக்கொண்டு அறிவுரையா' என்று யாராவது கேட்கலாம். ஆமாம், திரும்ப எடுத்த பாட்டுக்கு அவ்வளவுதான். ஆனால் பாட்டி அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார், அந்தப் பாட்டை இனி யாரும் கிளெய்ம் போட்டு இறக்க முடியாது. எல்லாரும் பம்பை போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வெளிநாட்டு பீட் எடுப்பது தப்பு என்றும் சொல்லவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் என்பவர் மற்றவர்களின் இசைத்தட்டுகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து டிரம்ஸ் வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார், ஹிப்ஹாப் பிறந்ததாக அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அது அவர் தங்கை நடத்திய பார்ட்டி, அவர்கள் குடியிருந்த அதே கட்டிடத்தின் கீழே நடந்தது. அங்கே ஆடியது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான். இரவல் வாங்குவதில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்தவன் பீட்டின் பெயரை வெட்டிவிட்டுத் தன்னுடையது என்று விற்கிறார்களே, அதில்தான் சண்டை.

நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது. எந்த ஊராக இருந்தாலும் முதலில் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் தேடுங்கள். மெல்லிசைக் குழுவின் கீபோர்டு, ரிதம் பேட் வாசிக்கிறவர்கள், சர்ச்சில் வாசிக்கிற பையன்கள், சவுண்ட் சர்வீஸில் மிக்ஸர் பிடிக்கிறவர்கள், கானாவுக்கு டிராக் போடுகிறவர்கள். இவர்களில் பலர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை செய்கிறார்கள், தங்களைப் புரொடியூசர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் என்றால் ஜூன் 21ஐ ஒட்டி புதுச்சேரிக்குப் போங்கள். பிரான்சில் 1982ல் தொடங்கிய இசைத் திருவிழாவை அங்கேயும் கொண்டாடுவார்கள், வாசிக்கிறவர்களோடு பேச நல்ல நேரம். போகும்போது பீட் இல்லாமல் பாடிய ஒரு நிமிடப் பதிவு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பீட்டின் மேல் பாடியதைக் கொடுத்தால் உங்கள் தாளம் எப்படி என்று அவருக்குத் தெரியாது.

காகிதம் எழுதிக்கொள்ளுங்கள். 'அண்ணன் தம்பிக்குள் அக்ரிமென்ட்டா' என்பார்கள், எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19வது பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்த பாட்டில் வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கவும் முடியாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. பாடல் வரிக்கும் இசைக்கும் அப்படி இருக்கிற சங்கம்தான் ஐபிஆர்எஸ். நாங்கள் எழுதியது ஒரே பக்கம்: வரி என்னுடையது, இசை அண்ணாவுடையது, பதிவின் உரிமை பாதிப் பாதி, ஸ்டெம்ஸ் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு பிரதி. போன வருடம் அண்ணாவின் ஹார்ட் டிஸ்க் போனபோது என் பென்டிரைவில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

நீங்கள் கடலூர், பாண்டி பக்கம் என்றால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், அண்ணாவிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஆடி முடிகிற வரை அவருக்குக் கச்சேரி இருக்கிறது, ஆவணியில்தான் உட்கார முடியும். அதற்குள் வரிகளை ஒரு தாளில் எழுதி, மூச்சு எடுக்கிற இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டு வையுங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.